சேற்றில் போகும் வண்டி

தச்சர் டேப்பை நீட்டி, கடையில் நின்ற அந்த நாலு சக்கர மோட்டார் வண்டியின் பின்தட்டை அளந்தார். மனைவி பக்கத்தில் மரம் மாதிரி நின்றாள்.

"இது மேல ஆறடிப் பலகை போடலாமா?"

"தாராளமா போடலாம் சார். மகனுக்குக் காட்டுப்பாதையில சுத்துறதுன்னா உசுருன்னீங்களே, கூடாரச் சாமான் வைக்கவா?" என்றார் விற்பனையாளர்.

தச்சர் குனிந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். "முழங்கால் சேத்துல போகுமா?"

"எருமை மாதிரி போகும். ஆனா வயசுப் பிள்ளைங்க அந்தச் சிவப்பு வண்டியைத்தான் கேப்பாங்க. வேகம் ஜாஸ்தி."

"சேத்துல போறதே போதும்" என்றாள் மனைவி.

"கொடுத்து வச்ச பிள்ளை!" விற்பனையாளர் சிரித்தபடி படிவத்தை எடுத்தார். "தம்பி பேரு சொல்லுங்க."

"மலை மீட்புக் குழுன்னு எழுதுங்க" என்றார் தச்சர்.

விற்பனையாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"போன மழையில மகன் பள்ளத்துல விழுந்துட்டான். பலமான அடி. அவங்ககிட்ட வண்டி இல்லை. பாவம், சேத்துல நடந்தே வந்தாங்க. ஆறு மணி நேரம் ஆச்சு."

தச்சர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவன் அஞ்சு மணி நேரம் தாக்குப்பிடிச்சான்."