பட்டு முயல்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஆரணி பஸ் ஸ்டாண்டு நடுவில் சூடம் ஏற்றி அடித்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். சம்பந்தப்பட்ட அனந்தகுமார் நயினாரோ, வாய் தவறி ஒரு பொய் சொல்லிவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காத மனிதர்.

அந்த அனந்தகுமார்தான் வற்றிக் கிடந்த ஏரி நடுவில் நின்றுகொண்டு, "புடி! வுடாத! கவ்வுடா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற சமணக் குடும்பம். எதிரே அவருடைய சிப்பிப்பாறை நாய் மின்னல் ஒரு முயலை விரட்டிக்கொண்டு பறந்தது.

பதற வேண்டாம். அது பட்டு முயல்.

தெற்கே வேலைக்குப் போன மச்சினன் கொண்டுவந்து விட்ட நாள்முதல் மின்னல் தயிர்ச்சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. கட்டிய இடத்திலேயே சுருண்டு கிடந்தது. விலா எலும்பு வெளியே தெரிந்ததும் அனந்தகுமார் அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார்.

"வேட்டைக்குன்னே பொறந்த சாதிங்க இது. ஓட விடலைன்னா ஏங்கியே செத்துடும்" என்றார் டாக்டர். "ஆனா ஒரே மூச்சு ஓட்டம்தான். அதுக்கு மேல ஓடுனா நெஞ்சு தாங்காது."

அனந்தகுமாரின் மனைவி சக்ரேஸ்வரி தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னாள். "ஓடட்டும். ஒரு உசுரு போச்சுன்னா மட்டும், நாயும் இந்த வீட்டுக்கு வேணாம், நீங்களும் வேணாம்."

வழி சொன்னவர் முள்ளிப்பட்டு கிராமத்தில் பட்டு நெய்கிற பாலு. நயினாரிடம் நெல் வாங்க வந்தவர், சுருண்டு கிடந்த நாயைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"முயலு மாதிரி ஒண்ணு கட்டிடலாம் நயினாரே. கழிவுப் பட்டு மூட்டையா கெடக்குது. அதுல நூலக் கட்டி, தார்க்குச்சியில நூலு சுத்தற ராட்டையால அந்தாண்ட கரையிலேர்ந்து நான் இழுக்கறேன். பளபளன்னு மின்னிச்சின்னா நாய் வுடாது."

"பட்டா?" அனந்தகுமார் முகத்தைச் சுளித்தார். "பூச்சிய வேகவெச்சு எடுத்ததாச்சேய்யா."

"செத்தது எப்பவோ செத்துப்போச்சிங்க. நீங்க தொடவாணாம்."

அனந்தகுமார் தொடவில்லை. ஆரணிக்குப் பக்கத்தில் பிறந்தும் தன் கல்யாணத்துக்கே பருத்தி வேட்டி கட்டியவர், பாலு கொண்டுவந்த பையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முயலை ஆவாரம் புதரில் வைப்பதும், கரைக்கு மறுபுறம் இறங்கி ராட்டையோடு உட்காருவதும் பாலு வேலை. மின்னலை அவிழ்த்துவிடுவது மட்டும் அவர் வேலை.

முதல் நாள் ஓடிவிட்டு வந்ததும் மின்னல் சட்டியைக் காலி செய்தது. சக்ரேஸ்வரி திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தினமும் வெயில் தாழ்ந்ததும் ஏரிதான்.

அந்த முயல் ஓடிய அழகே அழகு. புதரை ஒரு சுற்றுச் சுற்றி, வளைந்து நெளிந்து பள்ளத்தைத் தாண்டி, கரையோரம் போய் மறையும். மின்னலின் காலடியில் புழுதி கிளம்பும். முயல் போன தடத்தில் ஒரு தூசியும் எழாது. பட்டுக்கு ஏது எடை என்று அனந்தகுமார் நினைத்துக்கொண்டார். அது ஓடுகிற நேரத்தில் ஏரியில் ஒரு குருவியும் கத்தாது. அதற்கு ஒரு காரணம் அவருக்குத் தோன்றவில்லை.

பாலு மட்டும் நாளுக்கு நாள் வாடினார். கழுத்தில் புதிதாக ஒரு தாயத்து ஏறியிருந்தது.

"இன்னாய்யா இது?"

"சும்மாதாங்க. காத்து கருப்பு அண்டாம இருக்க."

"ராட்டை சுத்தறவன இன்னாய்யா அண்டப் போவுது? பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ."

பாலு தாயத்தைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.

இன்றைக்குத்தான் விபரீதம். கரையோரம் போன முயல் மறையவில்லை. திரும்பியது. மின்னலும் திரும்பியது. புதரைச் சுற்றி, பள்ளத்தைத் தாண்டி, மறுபடி கரை, மறுபடி புதர். கத்தி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்த அனந்தகுமார் கத்துவதை நிறுத்தினார்.

மின்னலின் நாக்கு தரையைத் தொட்டது. பின்னங்கால் பின்னிற்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், விசில் அடித்தார். அது காதில் வாங்கவில்லை. முன்னால் முயல் ஓடும்வரை நிற்கத் தெரியாத ரத்தம் அது.

"பாலு! போதும்யா! ராட்டைய நிறுத்து!"

முயல் நின்றபாடில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் ஓடி ஏறினார். மறுபுறம் பாலு கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். ராட்டை ஓரமாகக் கிடந்தது. இரண்டு கையாலும் மடியிலிருந்த பையை அணைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணத் தொறய்யா! நாய் சாவப் போவுது, முயல நிறுத்து!"

பாலு பையைக் கவிழ்த்தார். பட்டு முயல் அனந்தகுமாரின் காலடியில் விழுந்தது. அதில் ஒரு பல் பட்டிருக்கவில்லை. ஓர் இழை பிரிந்திருக்கவில்லை.

கரைக்கு அந்தப் பக்கம் மின்னல் இரைக்கிற சத்தம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"சொன்னா நாயக் கட்டிப் போட்டுடுவீங்கன்னு பயந்துகினு சொல்லல. பாவம், அது துன்ன ஆரம்பிச்சதே இப்பதான்..." பாலு இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "நூலு மொத நாளே அறுந்துபோச்சி நயினாரே."