அஞ்சு வருஷ ஆர்டர்

"கழுத்தை அறுத்துட்டா அந்தம்மா!" பத்திரிகையை மேஜை மேல் வீசினார் பட்டறைக்காரர்.

கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "எந்தம்மா?"

"அரசாங்கத்துக்காக பேரம் பேசுற அம்மா. போர் விமானத்தை இனி வருஷா வருஷம் வாங்க மாட்டாங்களாம். அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம். அதைக் காட்டியே விலையைப் பாதாளத்துக்கு இறக்கிட்டா!"

"நல்லதுதானே? இனிமே ஆர்டர் வராத மாசத்துல ஆளுங்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்."

"போடி இவளே! விமானக் கம்பெனி அந்த நஷ்டத்தை யார் தலையில கட்டும்? இறக்கைக்கு போல்ட் செய்யற நம்ம தலையிலதான். ரேட்டைக் குறைன்னு வந்து நிப்பான் பாரு. குறைச்சா பாதிப் பேரை நிறுத்தணும்."

லேத்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஓட்டுகிறவர்களின் காதெல்லாம் இங்கே இருந்தது.

சொல்லி வாய் மூடவில்லை, கம்பெனியின் கொள்முதல் மேனேஜர் வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

பட்டறைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "ஒரு பைசா குறைக்க மாட்டேன். வேற ஆளைப் பாருங்க!"

"யார் குறைக்கச் சொன்னா? போன வருஷ ரேட்தான், அஞ்சு வருஷத்துக்கும். கையெழுத்துப் போடுங்க."

மடித்த சட்டைக் கையைப் பட்டறைக்காரர் மெல்ல இறக்கிவிட்டார்.

"என்ன சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அந்தம்மா போட்ட நிபந்தனை. குறைக்கிறதை உங்க லாபத்துல குறைங்க, கீழே இருக்கிற பட்டறைக்காரங்க மேல கை வைக்காதீங்கன்னுட்டாங்க. எங்க பெரிய பெரிய வக்கீலெல்லாம் பெட்டிப்பாம்பா அடங்கிட்டாங்க."

லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆர்டர் இல்லாத மாசத்தில்கூடப் பட்டறை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

"அவ்வளவு பெரிய இடத்துல உட்கார்ந்துகிட்டு நம்மளை நினைச்சாங்களா!" பட்டறைக்காரரின் குரல் தானாக இறங்கியது. "நம்ம பாடு அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"போன மாசம் பட்டறையைப் பார்க்கணும்னு ஒரு அம்மா தனியா வந்தாங்களா? யாரு என்னன்னு கேட்காம, வாசல்லயே நிக்கவச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினீங்களா?"

"ஐயையோ!" என்றாள் மனைவி.

"அது... ரேட்டைக் குறைக்க வந்த உங்க கம்பெனி ஆளுன்னு நினைச்சு..."

"நேத்து நாள் பூரா எங்க முதலாளியை வாங்கினாங்க. நீங்க திட்டின அதே வார்த்தைங்க, ஒண்ணு விடாம!"