நான்காம் கட்டிலின் மணி

நான்காம் கட்டில் பெரியவர் இறந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது.

இதயம் தடுமாறினால் கட்டிலருகே இருக்கும் மானிட்டர் செய்தி அனுப்பும்; நர்ஸ் மேசைக் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். அடிக்கவே இல்லை என்றாள் நர்ஸ் சித்ரா. போனில் பேசிக்கொண்டிருந்திருப்பாள் என்றார்கள் மற்றவர்கள்.

வலையபட்டியிலிருந்து வந்த பெரியவரின் மகள் சிகப்பி, ஐசியூ வாசலை விட்டு நகரவில்லை.

என்ன நடந்ததென்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மீனாட்சிசுந்தரம். காரைக்குடியின் அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக நெட்வொர்க் அவர் பொறுப்பு.

நர்ஸ் மேசைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, படித்த பாடத்தின்படி அடியிலிருந்து தொடங்கினார். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் பேச ஏழு அடுக்கு. அடியில் வயர், உச்சியில் மனிதர் பார்க்கும் திரை. அடி கெட்டால் மேலே எதுவும் நிற்காது.

வயரில் கோளாறு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். வயருக்கு வேலை போகாது.

வயர் நன்றாக இருந்தது. வயர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டியின் விளக்கு பச்சையாக மினுங்கியது. முகவரி சரி. செய்தியை உடைத்து அனுப்பிய துண்டுகளில் ஒன்றுகூடச் சிந்தவில்லை, வரிசையும் குலையவில்லை.

ஆக, செய்தி வந்திருக்கிறது. மதியம் 2.14க்கு. மூன்று முறை.

சித்ராவை நிமிர்ந்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. மிச்சமிருந்தது உச்சி அடுக்குதான். மணியின் பதிவைத் திறந்தார்.

'கட்டில் 4. ஒலி நிறுத்தம். காலை 9.40.'

பக்கத்தில், நிறுத்தியவரின் பெயர்.

கை தன்னால் எழுந்து திரையை மறைத்தது. உள்ளங்கை வேர்த்து, கண்ணாடியில் ஈரம் படிந்தது.

அந்த வரியை அழிக்க ஒரு பொத்தான் போதும். இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் அதைத் தேடிப் பார்க்கத் தெரியாது.

கையை எடுத்தார்.

"சிஸ்டர், கொஞ்சம் இங்குட்டு வாங்க."

அழுது வீங்கிய கண்களோடு சித்ரா வந்து குனிந்து வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு, அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"காலையில புது சுவிட்சைச் சோதிக்கையில நாந்தாம்மா மணிய அமத்துனேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

அவள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

மீனாட்சிசுந்தரம் எழுந்து போய், சிகப்பி நின்ற வாசற்கதவைத் திறந்தார்.