கடைசி வளைவில் ஒரு கோன்

"கட்டின புருஷன் ஜெயிக்கப் போற நேரத்துல, எந்தப் பொம்பளையாவது இப்படிக் கொடியைத் தூக்குவாளாய்யா?"

பேக்கரிக்காரரே கேட்டுவிட்டார். இத்தனைக்கும் அவள் கொடி தூக்கியதால் முதல் பரிசு வந்து விழுந்தது அவர் மடியில்தான்.

அந்தப் புருஷன் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஹெல்மெட்டைக் கழற்றி பானெட் மேல் வைத்துவிட்டு, காரிலேயே சாய்ந்து நின்றார். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கிற மனுஷன். இன்றைக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

"நல்லாப் பார்த்தீங்களாக்கா? கோன் சாய்ஞ்சுதா?" போட்டி நடத்தும் டயர் கடைக்காரர் இன்னொரு தரம் கேட்டார்.

"எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? இதோ கிடக்குது பாருங்க. ரெண்டு செகண்டு தண்டம் போடுங்க தம்பி."

போட்டார். முதலாவதாக வந்தவர் ரெண்டாவதாகிப் போனார்.

பெரிய ரேஸ் ஒன்றும் இல்லை இது. காலியாய்க் கிடக்கும் பார்க்கிங் மைதானத்தில் ஆரஞ்சு கோன்களை வரிசையாய் வைத்து, அதற்குள் வளைந்து நெளிந்து ஒவ்வொரு காராக ஓட்ட வேண்டும். சீக்கிரம் முடித்தவருக்குக் கோப்பை. சாய்ந்த கோனை நிமிர்த்தவும் கொடி தூக்கவும் ஓட்ட வந்தவர்களின் வீட்டு ஆட்களே முறை வைத்து நிற்பார்கள். சொந்த வண்டி வரும்போது சொந்த ஆள் நிற்கக் கூடாது என்று விதி உண்டு.

ஆள் குறைந்த இந்த ஞாயிற்றுக்கிழமையில், இவளுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தியிருந்தார்கள்.

"அக்காவாவது, அந்த வண்டிக்குச் சலுகை காட்டுறதாவது! வாயைத் திறந்தா அதுக்குச் சாபம்தானே" என்று சிரித்துக்கொண்டேதான் டயர் கடைக்காரர் அவளைக் கடைசி வளைவில் நிறுத்தினார்.

சாபம் சும்மா வரவில்லை. இரும்புக் கடைக்குப் போக இருந்த முப்பது வருஷத்துச் சின்னக் காரை, அவள் புருஷன் அடித்துப் பேரம் பேசி இழுத்துக்கொண்டு வந்த நாளில் ஆரம்பித்தது.

"பாத்திரம் கழுவுற தொட்டியில கார்புரேட்டரைக் கழுவுற ஆம்பளையை எங்கயாவது பார்த்திருக்கியாடி?" என்று தங்கையிடம் போனில் புலம்புவாள். துண்டெல்லாம் கிரீஸ். சாப்பாட்டு மேஜையில் பிரேக் டிரம்.

வண்டி எடை குறையட்டும் என்று பின் சீட்டைக் கழற்றினார், ஏசியைக் கழற்றினார், கால்மிதியைக்கூட உரித்து எறிந்தார். வண்டிக்கு எடை குறையக் குறைய அவருக்கு முதுகு வலி கூடியது.

"ஒண்ணு இந்த வீட்டுல அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும்" என்று ஒருநாள் அவள் கத்தினாள்.

"ஒரே ஒரு தடவை முதலாவதா வந்துட்டேன்னா மறுநாளே வித்துடுறேன். உன் தலைமேல சத்தியம்!" என்று அவரும் கத்தினார்.

கத்தி மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நூலிழையில் கோட்டைவிட்டார்.

இப்போது அந்தச் சத்தியம் அவருக்கே தேவைப்பட்டது. பகலெல்லாம் மாடி மாடியாய் ஏறி ஃபிரிட்ஜ் ரிப்பேர். வீடு வந்தால் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுக்கை. உடம்பு போதும் போதும் என்றது. தோற்றுப்போன வண்டியை விற்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஜெயித்துவிட்டால் கௌரவமாய்க் கைகழுவிவிட்டு, காலை நீட்டிப் படுக்கலாம்.

இன்றைக்குக் கை நன்றாகப் பேசியது. கோட்டைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது, முடிந்தது என்று. திரும்பிப் பார்த்தால் சிவப்புக் கொடி.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வெறும் தகரம் அதிர்கிற சத்தம் மட்டும். சிக்னலில் வண்டி நின்றதும் வாயைத் திறந்தார்.

"நான் கோனைத் தொடலை."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"தொட்டிருந்தா ஸ்டீயரிங்ல தெரியும். என் கைக்குத் தெரியாதா? சொல்லு, எப்படிச் சாய்ஞ்சுது?"

"நான்தான் தள்ளினேன். காலால."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரமாய்த் தள்ளி நிறுத்தினார். அத்தனை நேரம் காணாமல் போயிருந்த குரல் திரும்பி வந்துவிட்டது.

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? மூணு வருஷமா வித்துத் தொலைங்க, வித்துத் தொலைங்கன்னு உசிரை வாங்கினது யாரு? நானா? இன்னைக்கு ஜெயிச்சிருந்தா நாளைக்கே வித்திருப்பேன்டி!"

"தெரியும். அதனாலதான் தள்ளினேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"வித்தா நிம்மதின்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். வண்டி வந்த புதுசுல நெசமாத்தான் சொன்னேன். அப்புறம் வாய் பழகிப்போச்சு."

"அப்போ ஊரே பார்க்க எதுக்குடி என் மானத்தை வாங்கினே?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"பொண்ணு கல்யாணமாகிப் போனப்புறம், வேலை விட்டு வருவீங்க, சாப்பிடுவீங்க, சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவீங்க. இந்தச் சனியன் வந்தப்புறம்தாங்க, ஸ்பேனர் எடுத்துக் குடுக்கவாவது என்னைக் கூப்பிடுறீங்க."