பன்னிரண்டாவது வலி

தண்ணீர் கேட்டு நடந்த மறியலில் தலையில் லத்தியடி வாங்கியதிலிருந்து ஏழு மாதமாகச் சண்முகக்கனிக்குத் தலைவலி விடவில்லை. வலியை அழிக்க முடியாது, அடித்தவர் தலைக்கு மாற்றலாம் என்று டாக்டர் சொன்னபோது அவள் யோசிக்கவே இல்லை.

போலீஸ்காரர் தேவசகாயத்தை இரண்டு பேர் தாங்கிவந்து எதிர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அன்று அவர் அடித்த பதினொரு பேரின் வலி ஏற்கெனவே அவர் தலையில் இருந்தது.

"சீக்கிரம் போடுங்கம்மா. பதினொண்ணோட பன்னெண்டு," என்றார், கண்ணைத் திறக்காமல்.

"அடிக்கும்போது எண்ணலியோ?" என்றாள் சண்முகக்கனி.

"அடிங்கன்னாங்க. அடிச்சேன்."

அவள் டாக்டரைப் பார்த்தாள். "அடிக்கச் சொன்னவருக்கு மாத்த முடியாதா சார்?"

"அவர் கை படலையேம்மா."

சண்முகக்கனி வலியை மாற்றும் கருவியின் பொத்தானை அழுத்தினாள். வலி ஒரே நொடியில் இறங்கியது. அறை வெளிச்சம் கண்ணைக் குத்தவில்லை.

தேவசகாயம் அலறிக்கொண்டு எழுந்து சுவரில் தலையை மோதினார். மறுபடியும் மோதினார். சுவரில் ரத்தம் வழிந்தது. வீட்டுச் சுவரில் அவளும் அப்படி மோதியிருக்கிறாள்.

அவள் ஓடிப்போய் அவர் தலைக்கும் சுவருக்கும் நடுவே கையை வைத்தாள். அடுத்த மோதலில் இரண்டு விரல்கள் முறிந்தன. அவள் கையை எடுக்கவில்லை.