மூன்றாவது செயின்

“மூன்றாவது செயினைத் தேடலில இருந்து எடுத்துவிடுங்க, சுலோஜனா” என்றார் முகாமையாளர் நௌஷாட்.

“ஏன் சேர்?”

“மற்ற ரெண்டோடயும் அது பொருந்தல்ல எண்டு எழுதுவம். ஒவ்வொரு பிளாக்செயினும் தரவை ஒவ்வொரு மாதிரி வைக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.”

“பொருந்துது சேர். அதைப் பொருத்தத்தான் மாசக்கணக்கா மாரடிச்ச நான்.”

வெள்ளத்தில் வயல் இழந்தவர்களுக்கென்று வெளிநாட்டிலிருந்து கிரிப்டோ நாணயமாக வந்த நிதி, பிளாக்செயின் எனும் மூன்று இணையப் பதிவேடுகளுக்குள் தாவித் தாவிக் காணாமல் போயிருந்தது. அதைத் தேடி அறிக்கை கொடுக்கும் வேலை இவர்களுடைய நிறுவனத்துக்கு வந்திருந்தது. மூன்றையும் ஒரே கேள்வியில் தேடும் வழியைச் சுலோஜனா இன்று காலைதான் முடித்திருந்தாள். நிதி கடைசியாகப் போய்ச் சேர்ந்த கணக்கும் அதற்குரிய பெயரும் மூன்றாவதில்தான் இருந்தன.

நௌஷாட் கதவைச் சாத்தினார். “பிடிவாதம் பிடிக்காதீங்க. இந்த அறிக்கை போனா பொலிஸ் வரும்.”

“வரட்டும். வயல் வட்டைய இழந்த சனம் வெறுங்கையோட நிக்கிது. கள்ளனை ஒளிக்க நான் இத எழுதல்ல.”

“நான் எனக்காகவா கேக்கன்?” அவர் குரல் தாழ்ந்தது. “அதில இருக்கிறது உங்கட புருசன்ர பேர், தங்கச்சி.”

சுலோஜனா அறிக்கையை அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“தெரியும் சேர். அதனாலதான் ரெண்டு தரம் சரிபார்த்த நான்.”