தலைப்பிரசவம்

காலை வெயில் வாசல்படி தாண்டி உள்ளே விழும் இடத்தில், மகன் ஸ்டீபன்ராஜின் பிறப்புச் சான்றிதழை இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி ராயப்பராஜ் உட்கார்ந்திருக்கிறார். மனைவி இஞ்ஞாசியம்மாள் பக்கத்தில் குனிந்து போனை அதற்கு நேராகப் பிடிக்கிறாள். அமெரிக்காவிலிருந்து மகன் வீடியோவில் பேசுகிறான். வக்கீலுக்கு இந்தப் படம் வேண்டுமாம். கிரீன் கார்டுக்குப் பன்னிரண்டு வருசமாகக் காத்திருக்கிறான். அதில்லாமல் ஊருக்கு வந்தால் திரும்ப விடுவார்களோ என்று ஏழு வருசமாக வரவில்லை.

"பொறந்த நாட்ட வச்சுத்தான்ப்பா வரிசை. இந்தியாவுல பொறந்தவங்க வரிசை நகரவே மாட்டேங்குது. சட்டத்த மாத்தப் போறாங்களாம்."

"போன எலெக்சனுக்கும் இதத்தான்டா சொன்ன. எவன் மாத்துனான்?" என்கிறார் ராயப்பராஜ்.

"அம்மா என்னைய மஸ்கட்டுலயே பெத்திருந்தா இந்நேரம் கெடச்சிருக்கும்" என்று மகன் சிரிக்கிறான்.

இஞ்ஞாசியம்மாள் சிரிக்கவில்லை. "நர்சு வேல பாத்த ஆஸ்பத்திரிலயே பெத்துக்கிறேன்னுதான் சொன்னேன். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்னு ஏழாம் மாசமே பிளேன் ஏத்திவிட்டது ஆரு? ஒங்கப்பாதான்."

திருச்சி ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போகிறது. எதற்கும் மல்லுக்கு நிற்கிற மனுசர் போனில் தெரியும் மகனின் காதோரம் நரைத்திருப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, பெருவிரல எடுங்க. பொறந்த எடம் மறையுது."

வடமதுரை என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை.